வான்ஷுன் தெருவில் விபத்தே இல்லை

வட்டத் தலைவர் ஷியாவ் ஒட்டிவிட்டுப் போன அறிவிப்பின் பசை காய்வதற்குள் சூலுவான் அதை இரண்டு முறை படித்துவிட்டாள். முதல் முறை புரிந்துகொள்வதற்கு. இரண்டாம் முறை கோபப்படுவதற்கு.

வான்ஷுன் தெரு முனையில், சரியாக அவள் கடைக்கு எதிரே, சாலையை நடைபாதை உயரத்துக்குத் தூக்கி ஒரு மேடு போடப்போகிறார்களாம். நடந்து கடப்பவர்களுக்கான வெள்ளைக் கோடு அந்த மேட்டின் மேல் வருமாம். வண்டிகள் வேகத்தைக் குறைத்து ஏறி இறங்க வேண்டுமாம். இரண்டு பக்கமும் நடைபாதை. அதற்காகப் பதினோரு பார்க்கிங் இடங்கள் எடுக்கப்படும். ஆட்சேபம் உள்ளவர்கள் சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு வட்ட மண்டபத்தில் நடக்கும் கூட்டத்துக்கு வரலாம்.

பதினொன்றில் மூன்று அவள் கடை வாசலில் இருந்தன.

"பாத்தியா கோ?" என்று பக்கத்துக் கடையைப் பார்த்துக் கத்தினாள். "என் வாசல்ல வண்டி நிக்கக் கூடாதாம். வண்டி நிக்காத கடையில அப்புறம் ஈதான் நிக்கும்."

கோ தியன்லாய் ஸ்கூட்டர் ரிப்பேர் பார்ப்பவன். ஒரு சக்கரத்தை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தான். "உங்க பாடாவது பரவாயில்ல லுவான்க்கா. ஸ்கூட்டர் ரிப்பேர் கடை முன்னாடி ஸ்கூட்டர் நிக்கக் கூடாதுன்னா நான் என்ன பண்றது? குதிரைக்கு லாடம் அடிக்கவா?"

"சனிக்கிழமை வா. ரெண்டுல ஒண்ணு பாத்துடலாம்."

"நீங்க பேசினா போதும்க்கா. தலைவரு வேட்டுச் சத்தம் கேட்ட பூனை மாதிரி ஓடிடுவாரு."

கோ சொன்னதில் மிகை அதிகம் இல்லை. தைவானில், தைனான் நகரத்தின் அந்த மூலையில் சூலுவான் பேச ஆரம்பித்தால் மற்றவர்கள் நாற்காலி தேடி உட்கார்ந்துவிடுவார்கள். ஐம்பத்தெட்டு வயது, கட்டையான உடம்பு, எட்டு வீடு தாண்டிக் கேட்கும் குரல். கையில் எப்போதும் ஒரு கரண்டி இருக்கும். அதைச் சமையலுக்குப் பயன்படுத்திய நேரத்தைவிட ஆட்களைச் சுட்டிக்காட்டப் பயன்படுத்திய நேரம்தான் அதிகம்.

அவள் கடையில் விற்பது ஒன்றே ஒன்று. பன்றிக்கால் சேமியா. பன்றிக்காலைச் சோயாச் சாற்றில் நாலு மணி நேரம் வேகவைத்து, மயிர் போல மெல்லிய சேமியாவின் மேல் வைத்து, ஒரு அவித்த முட்டையோடு தருவாள். பசிக்குச் சாப்பிடுபவர்களும் வருவார்கள், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் முக்கால்வாசிப் பேர் பீடை கழிவதற்காக வருகிறவர்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பியவன், சிறையிலிருந்து வெளியே வந்தவன், வேலை போனவள், மாடியிலிருந்து விழுந்து பிழைத்தவன், எல்லாரும் முதலில் ஒரு கிண்ணம் பன்றிக்கால் சேமியா சாப்பிட்டாக வேண்டும். சாப்பிட்டால் பீடை அத்தோடு தொலைந்தது. அதற்குப் பிறகு அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசக் கூடாது. பேசினால் போன பீடை பேர் சொல்லிக் கூப்பிட்டது போலத் திரும்பி வந்துவிடும். இதில் யாருக்கும் சந்தேகம் கிடையாது. சந்தேகம் உள்ளவர்களும் வம்பு எதற்கு என்று சாப்பிட்டுவிடுவார்கள்.

கடை முனையில் இருந்ததால் சூலுவானுக்கு இன்னொரு உத்தியோகமும் தானாக வந்து சேர்ந்திருந்தது. முனையில் யாரையாவது வண்டி இடித்தால் அவள் கரண்டியோடு வெளியே வருவாள். இடித்தவன், இடிபட்டவன் இருவரையும் தன் வட்ட மேஜைக்கு இழுத்து வருவாள். இடித்தவன் எழுந்து நின்று மன்னிப்புக் கேட்க வேண்டும். ஒரு கிண்ணம் சேமியா வாங்கி இரண்டு கையாலும் நீட்ட வேண்டும். இடிபட்டவன் கடைசி இழைவரை சாப்பிட வேண்டும். முடிந்தது. போலீஸ் கிடையாது, மாசக்கணக்கான அலைச்சல் கிடையாது, பகை கிடையாது. இப்படி எத்தனை குடும்பங்களை வழக்கிலிருந்து காப்பாற்றியிருக்கிறாள் என்று யாராவது கேட்டால் வெட்கப்படாமல் சொல்வாள். யாரும் கேட்காவிட்டாலும் சொல்வாள்.

செவ்வாய்க்கிழமை மாலை ஐந்து நாற்பதுக்குக் குப்பை வண்டியின் பாட்டு தெருக்கோடியில் கேட்டது. பாட்டுக் கேட்டதும் வீடுகள் திறந்துகொண்டன. குப்பையைத் தெருவில் வைத்துவிட்டுப் போகிற வழக்கம் அங்கே இல்லை. அவரவர் பையை அவரவரே கொண்டுவந்து வண்டியில் எறிய வேண்டும். வண்டி நிற்பது சூலுவானின் பக்கம். அதனால் எதிர்ப்பக்கத்து ஜனங்கள் எல்லாரும் பையும் கையுமாகச் சாலையைக் கடந்து வருவார்கள். வேலை முடிந்து வீட்டுக்குப் பறக்கும் ஸ்கூட்டர்களுக்கும் அதுதான் நேரம்.

பியானோ சொல்லித்தரும் டீச்சர் பாதி கடந்திருந்தாள். ஒரு ஸ்கூட்டர் அவள் முழங்கையை உரசிக்கொண்டு போனது. பை கிழிந்து சோறும் மீன் முள்ளும் சாலையில் சிதறின. டீச்சர் உட்கார்ந்துவிட்டாள்.

சூலுவான் கரண்டியோடு வந்தாள். "டேய், ஹெல்மெட்டு! நில்லு அங்கேயே! ஓடினேன்னு வை, உன் வண்டி நம்பர் இந்தத் தெருவுக்கே பாடம்."

பையன் நின்றான். முகம் வெளுத்திருந்தது. அரை மணி நேரத்தில் எல்லாம் நடக்க வேண்டிய வரிசையில் நடந்து முடிந்தது. டீச்சர் கடைசி இழையை உறிஞ்சினாள். இடிபட்ட கையை மடியிலிருந்து எடுக்கவே இல்லை.

இதை எல்லாம் ஓர் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தாள் பெய்ஷான். போக்குவரத்துத் துறையின் இன்ஜினியர், முப்பது வயதுகூட இருக்காது. இரண்டு நாளாக முனையில் நின்று, எத்தனை பேர் நடந்து கடக்கிறார்கள் என்று குறித்துக்கொண்டிருந்தாள்.

"போலீசுக்குச் சொல்லலையா, ஆன்ட்டி?"

"யாருக்கு? எதுக்கு? பாரு, சாப்பிட்டாச்சு." காலிக் கிண்ணத்தைச் சாய்த்துக் காட்டினாள் சூலுவான். "நீதானே அந்த மேடு போடற பொண்ணு? உனக்கு ஒண்ணு சொல்றேன், எழுதிக்கோ. இந்த முனையில அஞ்சு வருஷமா ஒரு விபத்துகூட கிடையாது. பூஜ்யம்! அப்படிப்பட்ட எடத்துல மேடு எதுக்கு?"

"ஆமா. எங்க பேப்பர்லயும் பூஜ்யம்தான் இருக்கு," என்றாள் பெய்ஷான். பிறகு தரையில் கிடந்த மீன் முள்ளைப் பார்த்தாள். "அப்ப இப்ப நடந்தது?"

"இதுவா? இது முடிஞ்சுபோச்சே."

சூலுவான் இதைப் பொய்யாகச் சொல்லவில்லை. கேலியாகவும் சொல்லவில்லை. முடிந்துபோனது அவளுக்கு நடக்காதது மாதிரிதான். அந்தத் தெருவில் வேறு யாரைக் கேட்டிருந்தாலும் அதே பதிலைத்தான் சொல்லியிருப்பார்கள்.

பெய்ஷான் சிரிக்கவில்லை. "ஐம்பதுல வர்ற வண்டி இடிக்கும், ஆன்ட்டி. முப்பதுல வர்ற வண்டி நிக்கும். மேடு அதுக்குத்தான்."

"நிக்கும், நிக்கும். என் வாசல்ல மட்டும் நிக்காது."

அந்த வாரம் முழுக்க சூலுவான் சனிக்கிழமைப் பேச்சை மனதுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். மேடு போட்டால் ஆம்புலன்ஸ் தாமதமாகும். இரவெல்லாம் லாரி ஏறி இறங்கி டமார் டமார் என்று தூக்கம் கெடும். கோவின் பங்குக்கு ஒரு வாதம் இருந்தது: கோயில் திருவிழாவில் பல்லக்கு தூக்கி வருகிறவர்கள் மேட்டில் தடுக்கி, சாமி குப்புற விழுந்தால் யார் பொறுப்பு? இதைக் கேட்டதும் சூலுவான் அவன் முதுகில் ஒன்று வைத்தாள். சந்தோஷத்தில்தான்.

ஒரே ஒரு குறை. இப்படிப்பட்ட பேச்சை எல்லாம் ஒத்திகை பார்க்க அவளுக்கு ஓர் ஆள் இருந்தாள். எதிர்ப்பக்கம் பொத்தான் கடை வைத்திருக்கும் பீஷியா. முப்பது வருஷச் சிநேகிதம். தினமும் மூன்று மணிக்கு, வியாபாரம் ஓய்ந்த நேரத்தில், பீஷியா சாலையைக் கடந்து வந்து மூலை மேஜையில் உட்கார்ந்து பூண்டு உரிப்பாள். சூலுவான் ஊர் வம்பு பேசுவாள். பீஷியா அதிகம் பேச மாட்டாள். ஆனால் நடுவில் ஒரு வார்த்தை போடுவாள், அதில் சூலுவானின் முழுப் பேச்சும் காற்றுப் போன பலூனாகிவிடும். அது சூலுவானுக்குப் பிடிக்கும். வேறு யாரும் அவளிடம் அப்படிப் பேசத் துணிந்ததில்லை.

அந்த பீஷியா ஏழு மாதமாக வரவில்லை.

முதல் வாரம் சளி என்று நினைத்தாள். இரண்டாம் வாரம் பேரன் வந்திருப்பான் என்று நினைத்தாள். மூன்றாம் வாரம் கோபம் என்று முடிவு கட்டினாள். புத்தாண்டுக்குச் சீட்டாடும்போது, "உன் மருமக ஆக்கின சூப்பைக் குடிச்சா கிணத்துத் தவளைக்குக்கூட வயித்தைக் கலக்கும்" என்று ஒரு பேச்சு பேசியிருந்தாள். அதுவாகத்தான் இருக்கும். ஒரு வாய்ப்பேச்சுக்கு ஏழு மாசமா? வந்தால் வரட்டும், வராவிட்டால் போகட்டும். நாற்பதடிச் சாலைக்கு இந்தப் பக்கம் இவள், அந்தப் பக்கம் அவள். கண் பட்டால் கையை மட்டும் அசைத்துக்கொள்வார்கள். பூண்டைச் சூலுவானே உரித்தாள். ஒவ்வொரு பல்லையும் எரிச்சலோடு உரித்தாள்.

வியாழக்கிழமை மத்தியானம் பெய்ஷான் சாப்பிட வந்தாள்.

"பீடையா?" என்று கேட்டாள் சூலுவான்.

"பசி."

"நல்ல வேளை." முட்டை ஒன்றைக் கூடுதலாகவே வைத்தாள். சண்டை சனிக்கிழமைதானே.

பெய்ஷான் சாப்பிட்டுக்கொண்டே எதிர்ப்பக்கம் பார்த்தாள். "ஆன்ட்டி, அந்தப் பொத்தான் கடை அம்மாவை உங்களுக்குத் தெரியுமா?"

"ஏன்?"

"அவங்களை எப்படிக் குறிக்கறதுன்னு தெரியல. தினம் அஞ்சு நாப்பதுக்குப் பையோட வெளியே வர்றாங்க. சாலை ஓரம் வந்து நிக்கிறாங்க. ஒரு காலை எடுத்து வைக்கிறாங்க, வண்டி வருது, பின்னால எடுத்துக்கறாங்க. அஞ்சு தடவை, ஆறு தடவை. அப்புறம் பக்கத்து வீட்டுப் பொண்ணுகிட்ட பையைக் குடுத்துட்டு உள்ள போயிடறாங்க. கடந்தவங்க பட்டியல்லயும் சேர்க்க முடியல, கடக்காதவங்கன்னு எனக்குப் பட்டியலே இல்ல."

சூலுவான் கரண்டியை அடுப்பு மேல் வைத்தாள். "துங்! கடையைப் பாத்துக்கோ," என்று புருஷனிடம் சொல்லிவிட்டு இறங்கினாள்.

அவள் சாலையைக் கடக்கிற விதமே தனி. கையை உயர்த்திக்கொண்டு, யாரையும் பார்க்காமல் நேராகப் போவாள். வண்டிகள் அவளுக்காக நின்றன என்று சொல்ல முடியாது. வளைந்தன, திட்டின, போயின.

பீஷியா பொத்தான்களை நிறம் பிரித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். எழுந்து நிற்க மேஜையைப் பிடித்துக்கொண்டாள். அதைச் சூலுவான் கவனித்தாள்.

"உன் மருமக சூப் நல்லாத்தான் இருக்கும்," என்றாள் சூலுவான். அதுதான் அவள் வாழ்க்கையிலேயே மன்னிப்புக்கு மிக அருகில் வந்த வாக்கியம்.

"எந்தச் சூப்பு?"

"அதுக்குத்தானே கோவிச்சுக்கிட்ட?"

"நான் எப்படி கோவிச்சுப்பேன்? எனக்கும் அந்தச் சூப்பு ஆகாது."

"அப்ப ஏண்டி வரல? ஏழு மாசம்! நான் என்ன கடல் தாண்டியா இருக்கேன்?"

பீஷியா பொத்தான்கள் பக்கம் குனிந்தாள். சிவப்புப் பொத்தான் ஒன்றை எடுத்து நீலப் பொத்தான்களோடு போட்டாள். பிறகு அதைத் திரும்ப எடுத்தாள்.

"சொல்லு. என் வாயைக் கிளறாத."

"சொல்லக் கூடாதே, லுவான்."

"என்ன சொல்லக் கூடாது?"

"சாப்பிட்டுட்டேனே. சாப்பிட்டப்புறம் அதைப் பேசக் கூடாதுன்னு நீதானே சொன்ன."

அப்போதுதான் சூலுவானுக்கு வசந்த காலத்து வேன் ஞாபகம் வந்தது. பழம் ஏற்றிவந்த வேன். அதன் பக்கக் கண்ணாடி பீஷியாவின் தோளில் பட்டு அவள் கீழே விழுந்தாள். முழங்காலில் இரத்தம். சூலுவான்தான் தூக்கினாள். "ஒண்ணும் இல்ல, தோல்தான் உரிஞ்சிருக்கு" என்று சொன்னவளும் அவள்தான். வேன்காரன் மன்னிப்புக் கேட்டான், கிண்ணத்தை நீட்டினான், பீஷியா கடைசி இழைவரை சாப்பிட்டாள். சிநேகிதி என்பதால் அன்று சூலுவான் இரண்டு முட்டை வைத்தாள்.

"முழங்கால் இன்னும் மடங்கல," என்றாள் பீஷியா மெதுவாக. "மெதுவா நடந்தா பரவாயில்ல. ஆனா மெதுவா நடந்தா நடுவுல மாட்டிக்கறேன். மாட்டிக்கிட்டா கால் அசைய மாட்டேங்குது. அந்தக் கண்ணாடி வர்ற சத்தம் காதுலயே இருக்கு. தினம் மூணு மணிக்கு வாசல் வரைக்கும் வருவேன். நீ பூண்டு உரிக்கறதைப் பார்ப்பேன். உள்ள போயிடுவேன்."

"எங்கிட்ட சொல்றதுக்கு என்ன?"

"உனக்கு அவ்வளவு பெருமையா இருந்துச்சு. எல்லாத்தையும் முடிச்சு வெச்சுட்டேன்னு. முடியலைன்னு நான் எப்படி வந்து சொல்றது?"

சூலுவானுக்கு வந்தது அழுகை இல்லை, அவமானம். ஏழு மாதமாகத் தன் சிநேகிதி ஒரு சாலைக்குப் பயந்து உள்ளே உட்கார்ந்திருக்க, தான் இந்தப் பக்கம் நின்று சூப்பைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்ததை நினைத்துத் தன் தலையில் தானே அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. அடித்துக்கொள்ளவில்லை. அது அவள் பழக்கம் இல்லை. எதையும் உடைத்துவிட்டால் உட்கார்ந்து அழுவதைவிட எழுந்து ஒட்டுவதுதான் அவளுக்குத் தெரிந்த வேலை.

"சனிக்கிழமை பாத்துக்கறேன்," என்றாள்.

சனிக்கிழமை மண்டபம் நிறைந்திருந்தது. நாற்பது பேருக்கு மேல் இருப்பார்கள். தலைவர் ஷியாவ் மைக்கைத் தட்டித் தட்டியே பாதித் தைரியத்தைச் செலவழித்தார். பெய்ஷான் படம் போட்டுக் காட்டினாள். பத்து சென்டிமீட்டர் உயரம், சாய்வான இறக்கம், பல்லக்குக்காரர்கள் இதைவிட உயரமான கோயில் படியையே ஏறுகிறார்கள். கடைசியில் அவளே ஒரு கஷ்டத்தையும் சொன்னாள்.

"இந்த வருஷ வேலை, விபத்து நடந்த முனைகளுக்குத்தான் முதல்ல. இந்த முனையில பதிவு பூஜ்யம். அதனால, வந்தவங்கள்ல பாதிக்கு மேல சம்மதிச்சு, ஆபத்து இருக்குன்னு எழுதிக் கையெழுத்தும் போட்டாத்தான் சேர்க்க முடியும். இல்லைன்னா கடைசிக்குப் போயிடும். எத்தனை வருஷம் ஆகும்னு என்னால சொல்ல முடியாது."

கோ எழுந்தான். விபத்துக் கணக்கு என்று போலீஸ் கொடுத்த காகிதத்தை ஆட்டினான். "பூஜ்யம்! அவங்களே சொல்றாங்க! இல்லாத நோய்க்கு எதுக்குய்யா ஆபரேஷன்? நடக்கறவங்களுக்கு வழி விடணும்னு சட்டம்தான் இருக்கே."

"சட்டம் தலைநகரத்துல, தைபேயிலதான் இருக்கு," என்றது பின்வரிசையிலிருந்து ஒரு குரல். சிரிப்பு எழுந்தது.

"நான் என்ன சொல்றது? லுவான்க்கா சொல்லுவாங்க." கோ மைக்கை மரியாதையோடு நீட்டினான். மாப்பிள்ளைக்கு மோதிரம் போடுகிறவன் மாதிரி இருந்தது அவன் முகம்.

சூலுவான் மைக்கை வாங்கிக் கீழே வைத்தாள். அவளுக்கு அது தேவைப்படவில்லை.

"பூஜ்யம்னு ஒரு காகிதம் ஆடுதே, அது போலீஸ் குடுத்ததுன்னு நெனச்சுக்காதீங்க. நான் ஆக்கிப் போட்டது. நாலு மணி நேரம் வேக வெச்சு, முட்டையோட பரிமாறினது." நிறுத்தி எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். "அந்த முனையில இடிபட்டு என் கடையில சேமியா சாப்பிட்டவங்க எழுந்திருங்க. இடிச்சவங்களும்."

ஒருவரும் அசையவில்லை. மண்டபத்தில் மின்விசிறி மட்டும் வேலை பார்த்தது.

"லுவான்க்கா," என்றாள் ஓர் அம்மாள் தயங்கி, "சாப்பிட்டதைப் பேசக் கூடாதே. பீடை திரும்பி வந்துடும்."

"தெரியும். உங்களுக்கு அந்த விதியை ஓதினதே நான்தான். திரும்பி வந்தா என் வாசலுக்கு வரட்டும். மூணு வண்டி நிக்கற எடம் எப்படியும் காலியாகப் போகுது, அங்க நிக்கட்டும். பீடைக்குப் பார்க்கிங் நான் தர்றேன்."

யாரோ சிரித்துவிட்டார்கள். பியானோ டீச்சர் எழுந்தாள். முழங்கையில் கட்டு இருந்தது. அவளுக்குப் பின்னால் சோயாக்கட்டி விற்கிறவர் எழுந்தார். பிறகு குழந்தையை இடுப்பில் வைத்திருந்த ஒரு தகப்பன். பிறகு அந்தத் தயங்கிய அம்மாளே எழுந்தாள். ஒவ்வொருவர் எழும்போதும் பக்கத்தில் இருந்தவர்கள் "நீயுமா?" என்று கேட்டார்கள். அண்டை வீட்டுக்காரருக்கே தெரிந்திருக்கவில்லை. அவ்வளவு ஒழுங்காக வாயை மூடிக்கொண்டிருந்தது தெரு.

"கோ," என்றாள் சூலுவான், "இடது முழங்கால் எப்படி இருக்கு?"

"அது ஏணியிலிருந்து விழுந்தது, லுவான்க்கா."

"ஏணிக்கு நம்பர் பிளேட் இருந்துச்சே? நான்தானே படிச்சேன்?"

மண்டபமே அதிர்ந்தது. கோ முகம் சிவந்து எழுந்து நின்றான். எழும்போது இடது காலை ஒரு தாங்கு தாங்கினான். பெய்ஷான் எண்ணினாள். பத்தொன்பது பேர்.

"இன்னும் ஒருத்தி இருக்கா," என்றாள் சூலுவான். "பொத்தான் கடை பீஷியா. என் மேஜையில உக்காந்து சாப்பிட்டவ. நான்தான் எல்லாம் முடிஞ்சுதுன்னு சொன்னேன். அவளுக்கு முடியல. ஏழு மாசமா அவளால சாலையைக் கடக்க முடியல. ஏன் இன்னிக்கு வரலைன்னு யோசிச்சீங்களா? கூட்டம் இந்தப் பக்கம். எல்லாமே இந்தப் பக்கம். மண்டபம், கோயில், குப்பை வண்டி, நான். கடக்க முடியாதவளைப் பத்தி, கடந்து வந்தவங்க மட்டும் உக்காந்து கை தூக்கினா அது என்ன கூட்டம்? எழுந்திருங்க. கை தூக்கறதை அங்க போய்த் தூக்கலாம்."

"விதிப்படி..." என்றார் தலைவர் ஷியாவ்.

"விதியில என்ன இருக்கு?"

அவர் காகிதத்தைப் புரட்டினார். "வட்டத்துக்குள்ள எங்க வேணாலும் நடத்தலாம்னுதான் இருக்கு."

"அப்ப வாங்க."

வெளியே வரும்போது மணி ஐந்து முப்பத்தைந்து. நாற்பது சொச்சம் பேர் தேய்ந்துபோன வெள்ளைக் கோட்டின் ஓரம் நின்றார்கள். ஸ்கூட்டர்கள் சாரை சாரையாக வந்தன. யாரும் நிற்கவில்லை.

"லுவான்க்கா, நீங்க முன்னால போங்க. கையைத் தூக்குங்க. நாங்க பின்னாலயே வந்துடறோம்," என்றான் கோ.

"மாட்டேன். இன்னிக்கு நான் பீஷியா. எனக்கு முழங்கால் மடங்காது." அவள் ஓர் அடி வைத்தாள், வண்டி வந்தது, பின்னால் எடுத்தாள்.

அப்படித்தான் நடந்தது. முதல் ஐந்து பேர் ஓடிக் கடந்தார்கள். அடுத்த எட்டுப் பேர் நடுவில் மாட்டிக்கொண்டார்கள். ஒரு கார் அவர்கள் முதுகுக்குப் பின்னால் ஹாரனை அழுத்திக்கொண்டே போனது. தலைவர் ஷியாவின் காகிதங்கள் பறந்தன. பியானோ டீச்சர் திரும்பி ஓடிவந்துவிட்டாள், இரண்டாம் தடவைதான் போனாள். கோ ஒரு ஸ்கூட்டரைப் பார்த்து, "கண்ணு எங்கடா இருக்கு உனக்கு?" என்று கத்தினான். ஹெல்மெட்டுக்குள்ளிருந்து, "கோ அண்ணே, நேத்து நீங்கதானே பிரேக்கு டைட் பண்ணீங்க?" என்று பதில் வந்தது, வண்டி நிற்காமல் போய்விட்டது. நாற்பது பேரும் நாற்பதடியைக் கடந்து முடிக்கப் பதினொரு நிமிஷம் ஆனது. கடைசியாக வந்தவள் சூலுவான். அவளுக்கு வேர்த்திருந்தது.

பீஷியா கடை வாசலில் குப்பைப் பையோடு நின்றுகொண்டிருந்தாள். கூட்டத்தைப் பார்த்ததும் பையைப் பின்னால் மறைத்தாள்.

"என்னடி இது? இத்தனை பேருக்கு எங்கிட்ட நாற்காலி கிடையாது."

"உக்கார வரல. மேடு வேணுமா வேண்டாமான்னு கேக்க வந்திருக்கோம். உன் கையும் எங்களுக்கு வேணும்."

"உன் வாசல்ல வண்டி நிக்காதே?"

"போகட்டும். நடந்து வந்து சாப்பிடற அளவுக்கு என் சேமியாவுல ருசி இல்லைன்னா, அதுக்குச் சாலையைக் குத்தம் சொல்ல முடியாது."

பீஷியா பையைக் கீழே வைத்தாள். கையைத் தூக்கினாள். உயரமாகத் தூக்கவில்லை, தோள் அளவுக்குத்தான். அந்தத் தோளில்தான் கண்ணாடி பட்டிருந்தது. பிறகு அவளைச் சுற்றிக் கைகள் எழுந்தன. பெய்ஷான் இரண்டு முறை எண்ணினாள். முப்பத்தாறு. தையல் மெஷின் மேஜையில் காகிதத்தை விரித்து ஒவ்வொருவராகக் கையெழுத்துப் போட்டார்கள்.

கோ கை தூக்கவில்லை. வீராப்பாகத் திரும்பி நடந்தான். சாலை ஓரம் போய் நின்றான். நின்றுகொண்டே இருந்தான். ஓர் அடி வைத்தான், எடுத்தான். ஐந்து நிமிஷம் கழித்துத் தலையைச் சொறிந்துகொண்டு திரும்பி வந்தான்.

"லேட்டா தூக்கினா கணக்குல சேருமா?"

"சேரும்," என்றாள் பெய்ஷான், பேனாவை நீட்டி.

எல்லாரும் இரண்டு மூன்று பேராகக் கடந்து போனார்கள். குப்பை வண்டியின் பாட்டு எப்போதோ அடுத்த தெருவுக்குத் தேய்ந்துபோயிருந்தது. பீஷியாவின் பையைப் பக்கத்து வீட்டுப் பெண் எடுத்துப் போய்விட்டிருந்தாள். கடை வாசலில் இரண்டு பேர் மட்டும் மிஞ்சினார்கள்.

"மேடு போட்டு முடிக்க நாலு மாசம் ஆகுமாம்," என்றாள் சூலுவான். அவளுக்குத் தெம்பு திரும்பியிருந்தது. "அதுவரைக்கும் நீ வர வேண்டாம். நான் வர்றேன். தினம் மூணு மணிக்கு, பூண்டை எடுத்துக்கிட்டு. எனக்கு என்ன, கையைத் தூக்கினா எவனும் வளைஞ்சு போவான்."

"எல்லாரும் வளைய மாட்டாங்க, லுவான்."

"வளையாதவனை எனக்குத் தெரியும், எப்படி நிறுத்தறதுன்னு. நான் யாரு?"

பீஷியா அவள் கையைப் பிடித்தாள். பொத்தான் பிரித்துப் பிரித்து அந்த விரல் நுனிகள் வழுவழுவென்று ஆகியிருந்தன. முப்பது வருஷமாகச் சூலுவான் பேச்சின் நடுவே ஒரே ஒரு வார்த்தை போடுகிற அதே குரலில் கேட்டாள்.

"அடிபட்ட எல்லாருக்கும் நீ ஆக்கிப் போட்ட. நடுரோட்டுல ஒருநாள் நீ விழுந்தா, உனக்கு யாருடி சேமியா ஆக்குவா?"

எதற்கும் தயாராகப் பதில் வைத்திருக்கிற சூலுவான் சாலைப் பக்கம் திரும்பினாள். எதிரே தன் கடை விளக்கு எரிவது தெரிந்தது. இடையே வண்டிகள் போய்க்கொண்டிருந்தன. முதல் தடவையாக அவளுக்குப் பயமாக இருந்தது.